எட்டுச் சேலை

மாதம் நிறைந்த பிறகு ராதிகாவால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. கால்களை நீட்டி, முதுகுக்கு ஒரு மரவள்ளி மூட்டையை அண்டக் கொடுத்து, துணியை வயிற்றின் மேலேயே பரப்பிக்கொண்டு முடிச்சுப் போட்டாள். வெள்ளைப் பருத்திச் சேலை. கடுகளவுக்கு நீலப் புள்ளிகள் வரிசை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்க வேண்டும். தூக்கிய இடத்தில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு நாலாயிரம் புள்ளி. முடிச்சுப் போட்டு முடித்த சேலை சுருங்கிச் சுருங்கி ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு வந்துவிடும். அதைக் கீழே சாயப்பட்டறைக்கு எடுத்துப் போய் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, பிரித்தால் அங்கே வெள்ளை வட்டம் நிற்கும். அந்த வட்டத்தை ராதிகா ஏஜெண்டு பூபதியின் செல்போனில்தான் பார்த்திருக்கிறாள்.

ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. புதன்கிழமை காலை நர்ஸ் ஜெசிந்தா ஸ்கூட்டியை வளைவிலேயே நிறுத்திவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். நாகர்கோவில்காரி. கொல்லிமலைக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடமாகிறது. மலையின் இந்தப் பக்கத்து ஊர்களைச் சேர்த்துக் குண்டூர் நாடு என்பார்கள். அங்கே எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அவளைக் கேட்டால் நோட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். இந்த வீட்டுக்கு இந்த வாரத்தில் இது மூன்றாவது நடை.

சொன்ன தேதி திங்கட்கிழமையே போய்விட்டது, இன்றைக்கே கிளம்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து படுங்கள், அங்கே அதற்கென்றே ஒரு அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, சோறு போடுகிறார்கள் என்று நின்றுகொண்டே சொன்னாள். ராதிகாவின் அம்மா அத்தாயி ஒரு லோட்டாவில் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். ஜெசிந்தா வாங்கவில்லை.

"வெள்ளிக்கெழம பூபதி வாராருங்க நர்சம்மா. துணியக் குடுத்துட்டு, அவரு வேன்லயே பொறகால வந்தர்றமுங்க."

"வலி வெள்ளிக்கிழமை வரை காத்துக்கிட்டு இருக்குமாம்மா?"

ஜெசிந்தா ராதிகாவைப் பார்த்தாள். ராதிகா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த சுருக்கை இறுக்கிக்கொண்டே, வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று மெல்லச் சொன்னாள். ஜெசிந்தாவுக்கு ஆத்திரமாக வந்தது. மேலதிகாரிகளுக்கு அவளும் பதில் சொல்ல வேண்டியவள். நோட்டை எடுத்து, கூப்பிட்டும் வரவில்லை என்று எழுதி ராதிகாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் இறங்கிப் போனாள்.

அத்தாயி ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. இருப்பது ஒரே பெண். மருமகன் சந்தோஷ்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே எங்கேயோ இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவான். ஆனால் துணி அவளுடையது மட்டும் இல்லையே. அந்த ஊரில் ஏழு பெண்கள் முடிச்சுப் போடுகிறார்கள். ராதிகாவுக்கு இரண்டு, மற்ற ஆறு பேருக்கும் தலைக்கு ஒன்று, ஆக எட்டுச் சேலை. மற்றவர்கள் எல்லாருடையதும் முடிந்து, மழை ஒழுகாத வீடு என்பதால் அத்தாயி வீட்டுப் பரணில் வரிசையாக இருந்தன. ராதிகாவின் இரண்டாவது சேலையில் முந்தி மட்டும் பாக்கி. அந்த ஒரு சேலைக்கு மட்டும் முந்தியில் மாங்காய்ப் புள்ளி. நெருக்கமாக, வளைவாக வரும். அதை அவள் நகத்தைத் தவிர வேறு யார் நகமும் எடுக்காது.

எட்டும் சேர்ந்தால்தான் பூபதி எடுப்பான். ஒன்று குறைந்தாலும் மொத்தத்தையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவான். போன வருடம் பைல் நாட்டில் ஒரு ஊரில் ஒரே ஒரு சேலை முடியாமல் போனதற்கு அத்தனை துணியையும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு இங்கே வந்து இறக்கினான். இவர்களுக்கு இந்த வேலை வந்ததே அப்படித்தான். ஆகவே அவன் சொன்னால் செய்வான் என்பது யாரும் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. மழைக்காலத்தில் காட்டு வேலை கிடையாது. மரவள்ளி விலை கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் உட்கார்ந்தபடி கைக்கு வருவது இது ஒன்றுதான்.

அடுத்த வீட்டுப் பொன்னம்மாள் அந்த இரண்டு நாளில் நாலைந்து தடவை வந்து கதவோரம் நின்றாள். சீக்கிரம் போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் அப்படிச் சொல்லுகிறவள் அவள் இல்லை. நெருப்பு வேண்டும் என்பாள், உப்பு வேண்டும் என்பாள். கண் மட்டும் துணியின் மேல் இருக்கும்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராதிகா முந்தியை முடித்தாள். அத்தாயி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளி விடவில்லை. "எங் கண்ணு" என்று மகளின் விரல்களைப் பிடித்து நெட்டி முறித்துவிட்டு, எட்டாவது பொட்டலத்தைப் பரணில் மற்றவற்றோடு வைத்தாள். விடிந்ததும் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வலி வந்துவிட்டது.

அப்பன் காளியண்ணன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடிப்போய் ஜெசிந்தாவுக்கும் நூற்றெட்டுக்கும் போன் போட்டான். ஜெசிந்தா ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டாள், பாதி தூரம் நடந்தே. வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் மண்ணோடு சரிந்து கிடக்கிறது, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது, இந்தப் பக்கம் ஒன்றும் வராது, மண் இன்னும் சரிந்துகொண்டிருப்பதால் தூளி கட்டித் தூக்கிக் கடக்கவும் முடியாது என்றாள். ஊர் ஆம்பிளைகள் கோடாலியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு காளியண்ணனோடு ஓடினார்கள்.

உள்ளே போய் ராதிகாவைப் பார்த்துவிட்டு வந்த ஜெசிந்தாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. புதன்கிழமை சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று அத்தாயி காத்திருந்தாள்.

"பிள்ளை குறுக்கே கிடக்கும்மா. இங்க வெச்சு எடுக்க முடியாது. ஆபரேசன் பண்ணணும். கீழே கொண்டுபோய்ச் சேர்த்தே ஆகணும்."

அத்தாயி தலையை ஆட்டினாள். அப்புறம் அவிழ்க்க ஆரம்பித்தாள். அந்த ஊரில் பிள்ளை வலி இழுத்தால் அந்த வீட்டில் முடிச்சு என்று ஒன்று இருக்கக் கூடாது. வீட்டில் கட்டிக் கிடப்பதெல்லாம் வயிற்றிலும் கட்டிக் கிடக்கும் என்பார்கள். தன் கொண்டையை அவிழ்த்தாள். ராதிகாவின் சடையை அவிழ்த்தாள். மாட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து விட்டாள். கொடிக்கயிறு, மரவள்ளி மூட்டைகளின் வாய், விளக்குமாற்றுக் கட்டு, உப்புப் பையின் நாடா எல்லாவற்றையும் அவிழ்த்தாள். அறுக்கக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்தாள். வேறு என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது பரண் கண்ணில் பட்டது.

எட்டுச் சேலை. முப்பத்திரண்டாயிரம் முடிச்சு.

துணி வேலை ஊருக்குள் வந்த பிறகு நடந்த பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. ஆகவே இது யாருடைய புத்தியிலும் ஏறியிருக்கவில்லை. இப்போது அத்தாயிக்கும் கதவோரம் நின்ற ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஏறியது. வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று ஒருத்தி இழுத்தாள். வலி வந்த பிறகு முடிச்சைக் கட்டாகத் தூக்கி வாசல் தாண்டினால் அது இன்னும் மோசம் என்று அவளே சொல்லி நிறுத்திக்கொண்டாள். உள்ளே ராதிகா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அத்தாயி பரணிலிருந்து தன் சேலையை மட்டும் எடுத்தாள்.

"நா என்னுத மட்டும் அவுத்துக்கறேன். உங்களுது உங்க பாடு. இருவது நாள் உக்காந்து போட்டதுங்க அது."

பொன்னம்மாள் உள்ளே வந்து, கையை எட்டித் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எங்களுது கட்டிக் கெடக்கறப்ப உன்னுத அவுத்து என்ன ஆகப்போகுது?" என்றாள்.

மற்ற நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவரவர் போட்டதை அவரவர்தான் அவிழ்க்க வேண்டும். ராதிகாவின் இரண்டு சேலையை என்ன செய்வது என்று வந்தபோது, அவள் சேலைக்கு ஒரு முடிச்சைத் தொட்டு இழுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று பொன்னம்மாளே ஒரு வழி சொன்னாள். அத்தாயி இரண்டு பொட்டலத்தையும் மகளிடம் எடுத்துப் போனாள். ஜெசிந்தா அவளை வழிமறித்து, உங்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிட்டதா, இந்த நேரத்தில் துணியைக் கொண்டு வருகிறீர்கள் என்று கத்தினாள். ராதிகா படுத்தபடியே கையை நீட்டி முதல் சேலையில் ஒன்றை அவிழ்த்தாள். இரண்டாவதில் முந்தியின் ஓரத்தில் ஒரு சுருக்கைத் தேடிப் பிடித்து, நுனியை இழுத்து, மூன்று சுற்றையும் பிரித்தாள். நேற்றுச் சாயங்காலம் போட்ட முடிச்சு அது.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போயிற்று. சேலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் பட்பட்டென்று தெறித்துவிடும். சாயப்பட்டறையில் அப்படித்தான் பிரிப்பார்கள். இங்கே அது ஆகாது. நூல் அறுந்தால் அவிழ்த்ததாகாது. ஆகவே ஒவ்வொரு சுருக்காக நகத்தால் நெம்பி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்கள். விரல் நுனி சிவந்து வலித்தது. பிரித்த நூல் தரையில் குவிந்தது. மூச்சுவிடாமல் போட்ட வேலையை மூச்சுவிடாமல் அழித்தார்கள். பொன்னம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அது ராதிகாவுக்காகவா துணிக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பதினொரு மணிக்கு ஜெசிந்தா வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தாள். எங்கோ தூரத்தில் கோடாலிச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே திரும்பியவள் அந்தப் பெண்களையும் தரையில் கிடந்த நூலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் சிலுவை போட்டவள், இதெல்லாம் மூடத்தனம் என்று ஐந்து வருடமாக வீடு வீடாகச் சொல்லி வந்தவள். மூலையில் கிடந்த தன் பையின் வாயைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, அப்படியே திறந்து போட்டுவிட்டு ராதிகாவிடம் போனாள். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு மேல், மரத்தில் பாதியை அறுத்துத் தள்ளிவிட்டு ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார்கள். ராதிகாவைப் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். அத்தாயியும் ஜெசிந்தாவும் ஏறிக்கொண்டார்கள். மரம் கிடந்த இடத்தில் ஆம்புலன்சுக்கு மாற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியாக வேண்டும். ஜீப் கிளம்பியபோது ஏழு சேலை பிரிந்திருந்தது. எட்டாவது சேலையின் முந்தி பாக்கி.

பொன்னம்மாள் அந்த முந்தியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பூபதியின் வேன் வந்தது. ரோடு திறந்ததும் முதலில் ஏறி வந்தது அவன்தான். உள்ளே எட்டிப் பார்த்தவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தரை முழுக்கக் கசங்கிய துணி. ஒவ்வொரு புள்ளி இருந்த இடத்திலும் துணி கூராகக் குத்திக்கொண்டு நின்றது. ஈரக் கையும் வேர்வையும் பட்டு அச்சுப் புள்ளிகள் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தன. விஷயத்தைக் கேட்டதும் பொத்தென்று வாசற்படியில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்து வந்து, அந்த முந்தியையாவது விடுங்கள், போதும் நிறுத்துங்கள் என்றான். பொன்னம்மாள் நிறுத்தவில்லை. ஜீப் போய்விட்டதே, இனிமேல் எதற்கு என்று கேட்டான்.

"அவ இன்னும் பெக்கலீங்க" என்றாள் பொன்னம்மாள். கடைசி மாங்காய் அவிழும்வரை அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு காளியண்ணன் பாறையிலிருந்து இறங்கி வந்தான். தாய் பிழைத்துவிட்டாள், ஆண் பிள்ளை, மலை இறங்குவதற்கு முன்பே வயிற்றில் துடிப்பு நின்றுவிட்டதாம் என்று சொல்லிவிட்டு மாட்டைத் தேடிப் போனான்.

பூபதி கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுக்குக் கண் கலங்கித்தான் போயிற்று. வேனுக்குப் போய் உட்கார்ந்தான், பாறைக்குப் போய் முதலாளிக்குப் போன் பேசினான், திரும்பி வந்தான். கார்த்திகைக் கல்யாணங்களுக்குக் கடைக்குப் போக வேண்டிய சேலை, சாயப்பட்டறையில் தொட்டி பிடித்து வைத்திருக்கிறது, நான் போய் என்ன சொல்லட்டும் என்று பொதுவாகக் கேட்டான். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"பாவந்தான், நா இல்லேங்கல. ஆனா யாரு அவுக்கச் சொன்னா? நாஞ் சொன்னனா?"

பூபதி முதலாளி சொன்னதைச் சொன்னான். துணியை எடுத்துப் போய்த் துவைத்து, திரும்பப் புள்ளி அடித்து அனுப்புவார்கள். துணி வந்து இறங்கியதிலிருந்து பத்து நாளில் எட்டையும் முடிச்சுப் போட்டுத் தர வேண்டும். ஒரு சேலைக்குக் கூலி ஒரு தடவைதான், அதுவும் இரண்டாவது தடவை போட்டு முடித்த பிறகுதான். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடலாம், பைல் நாட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, ஏற்கெனவே கை பட்ட துணி. இதற்கு மேல் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சொட்டு தண்ணீர்க் கறை பட்டாலும் அந்த இடத்தில் சாயம் திட்டாக நிற்கும். நின்றால் அந்தச் சேலையின் விலை போட்டவள் தலையில். பொன்னம்மாள் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சரியென்று சொன்னாள்.

ராதிகா எட்டாம் நாள் திரும்பி வந்தாள். சந்தோஷ்குமார் போனில் அழுதான். வண்டி ஓனர் ஆள் மாற்றிவிட்டால் வருவதாகச் சொன்னான். பிள்ளையைக் கீழேயே அடக்கம் பண்ணியாயிற்று. அவளுக்கு முகத்தைக்கூட ஒரு நொடிதான் காட்டினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மூலையில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஜெசிந்தா வந்து தையலைப் பார்த்தாள், மாத்திரை கொடுத்தாள், பால் வற்றக் கொஞ்ச நாளாகும் என்று அத்தாயியிடம் சொன்னாள். போகும்போது ராதிகாவின் தலையைத் தடவினாள்.

துணி அதற்கு முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது. அத்தாயி தன் சேலையையும், மகளின் முதல் சேலையையும் இராப்பகலாகப் போட்டாள். மற்றவர்கள் தங்கள் சேலையோடு, மகளின் இரண்டாவது சேலையையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். முந்தி மட்டும் நின்றது. அத்தாயி உட்கார்ந்து பார்த்தாள். மாங்காய் வளைய வேண்டிய இடத்தில் அவள் நகம் இரண்டு புள்ளியைச் சேர்த்துக் கிள்ளியது. பிரித்தாள், போட்டாள், மறுபடியும் பிரித்தாள். பூபதி வர இரண்டு நாள் இருந்தது. பொன்னம்மாள் கதவோரம் வந்து நின்றாள். முந்தியைப் போடுகிறாயா என்று அத்தாயி மகளிடம் கேட்கவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்துக் கிடக்கிறவளிடம் எந்த வாயால் கேட்பது? அப்படியே துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூலையிலிருந்து ராதிகா கையை ஊன்றி எழுந்தாள். மூட்டையில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"குடும்மா" என்றாள்.

"வேண்டாங் கண்ணு."

"குடு."

வயிறு இல்லாத இடத்தில் துணியைப் பரப்பி, குனிந்து, முதல் மாங்காயைத் தொடங்கினாள். மதியத்துக்குள் இரண்டு மாங்காய் முடிந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு கைக்குழந்தை அழுதது. ராதிகா நிமிரவில்லை, ஆனால் ஜாக்கெட்டின் முன்பக்கம் பால் கசிந்து பரவியது. அத்தாயி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து சேலையைச் சட்டென்று மகளின் மடியிலிருந்து இழுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முந்தியை விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். எங்கும் பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்தாள். கொடியில் கிடந்த காளியண்ணனின் துண்டை எடுத்து, நான்காக மடித்து, அவள் மார்பைச் சுற்றிக் கொடுத்தாள். ராதிகா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

"இன்னும் இறுக்கும்மா. சொட்டிரப் போவுது."

அத்தாயி இழுத்து இறுக்கி, முதுகுப் பக்கம் இரட்டை முடிச்சுப் போட்டாள். அப்புறம் துணியை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தாள்.